அம்பறாத்தூணி

வில்லாளியைப் பாடிய புலவர் பலர். அவன் முதுகில் தொங்கிய தூணியை எண்ணிப் பார்த்தவர் சிலரே. வில் எத்துணை வலிதாயினும் கணை கைக்கு வாராவிடின் அது வெறும் வளைந்த கழியேயாம். அக்கணையைக் காத்து, வேண்டிய நொடியில் கையிற் சேர்ப்பது தூணி. ஆவநாழிகை என்பதும் அதன் பெயர். நான்கு மரக்கால் கொண்ட பழைய அளவைக்கும் தூணி என்றே பெயர். நெல்லுக்கும் அம்புக்கும் ஒரே சொல்லை ஆண்ட நம் முன்னோரின் வாழ்க்கை, ஏர்க்களம் போர்க்களம் இரண்டையும் தழுவியது போலும்!

அம்பு அறாத தூணி அம்பறாத்தூணி. காண்டவ வனம் எரிந்த காலத்தில் அருச்சுனன் காண்டீவத்தோடு பெற்றவை அத்தகைய தூணிகள். எடுக்க எடுக்கக் குறையாதவை. மலைநாட்டு மறவனுக்கு அவ்வரம் கிட்டவில்லை. அவன் சுமந்தவை எண்ணி வைத்த அம்புகளே.

அம்மறவனை இன்றும் காணலாம். கருநாடக எல்லையை அடுத்த ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகளில், பல்லவர் காலம் முதல் விசயநகர வேந்தர் காலம் வரை எழுப்பிய நடுகற்கள் பல உள்ளன. தொறு எனப்பட்ட ஆனிரையைக் கவர வந்தோரை எதிர்த்தும், ஊரைக் காத்தும், புலியொடு பொருதும் மாண்டவர்க்கு நட்டவை அவை. அங்கு இரும்புக்கும் பஞ்சமில்லை. மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்தவற்றை ஆராய்ந்து, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு வழங்கியதென 2022இல் அறிவித்தனர்.

அம்முனைகளைத் தாங்கும் தூணியைத் தெரிந்தெடுத்தல் எளிய செயலன்று. குதிரைமேற் செல்வோன் அதனை இடையிற் கட்டுவான். துருக்கியரும் மங்கோலியரும் அவ்வாறே செய்தனர். கற்களும் முட்புதரும் நிறைந்த சரிவில் ஓடுபவனுக்கோ இடைத்தூணி காலை இடறும். முதுகிற் சாய்த்துக் கட்டினால் கை தோளுக்குமேல் சென்று கணையைப் பற்றும். கால்கள் தடையின்றி ஓடும். அதிலும் ஓர் இடர் உண்டு. புதரினடியிற் குனிந்து நுழையுங்கால் ஆழமில்லாத தூணி அம்புகளைத் தலைவழியே கொட்டிவிடும். ஆழம் மிகுந்தாலோ இறகுகள் உள்ளே மடங்கிக் கசங்கும்; இறகு கெட்ட அம்பு குறி தவறும். ஆகவே இறகுப்பகுதி வெளியே நிற்குமளவே ஆழம் வேண்டும். அம்புகள் தளர்ந்து கிடந்தால் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். இரவில் ஆனிரையைத் தொடர்வோனைக் காட்டிக்கொடுக்க அவ்வொலியே போதும். தோலாற் செய்தது மெத்தென்று முதுகிற் படியும். மழையில் நனைந்தாற் கனக்கும். மூங்கிற்குழாய் நனைந்தாலும் கெடாது. ஆயினும் பாறையில் மோதினால் ஒலிக்கும்.

இத்துணையும் ஆராய்ந்து எடுத்த தூணியும் ஒருநாள் வெறுமையாகும். நடுகல் வீரர் பலரின் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளும் காணப்படும். வில்லைக் கைவிடாமலே ஒருவன் வாளை உருவுவது எப்பொழுது? பகைவர் மிக நெருங்கிய பொழுது. அல்லது தோளுக்குமேற் சென்ற கை, கணையின்றி வறிதே மீண்ட பொழுது. சில கற்களில் மாற்றார் எய்த அம்புகள் வீரன் உடலிற் பாய்ந்து நிற்கின்றன. அவன் தூணியில் தீர்ந்த பொருள் பகைவர் தூணியில் தீரவில்லை. இதனை எழுத்தின்றியே உணர்த்திய சிற்பியின் திறம் பெரிது!

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிற்று. ஆனிரை மேய்ந்த வெளிகள் பலவற்றில் இன்று எந்திரங்கள் இயங்குகின்றன. நடுகற்களுள் சில கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்தை அடைந்துள்ளன. ஊர்ப்புறத்து நிற்பனவற்றுள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கும் அப்பெயரை இடுகின்றனர். பூசிய எண்ணெயிற் கருத்த அக்கற்களில் தூணி எளிதிற் புலப்படாது. ஓங்கிய வாளே முதலிற் கண்ணிற்படும்.