ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் கார் வாங்காதீங்க

அப்பாவின் இ.பி.எஃப். காசு வந்த கிழமையே வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கிவிட்டது. கலஹாவிலிருந்து மாதாமாதம் கண்டிக்கு கிளினிக் போகும் அம்மாவால் இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடிவதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எங்களுக்கு எட்டாது. அதனால் பழைய ஆல்டோ 800 தேடினோம். 796 சிசி, மூன்று சிலிண்டர். பெட்ரோல் அதிகம் குடிக்காது, பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும், எந்த கராஜிலும் வேலை தெரியும்.

முதல் கார் பேராதனையில். பளபளவென்று பாலிஷ், புது சீட் கவர். உரிமையாளர் மட்டமான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அப்பா அட்வான்ஸ் கவரை வெளியே எடுத்துவிட்டார். நான்தான், "கராஜ் பாஸ் பார்க்கட்டும்ப்பா" என்றேன்.

பாஸ் வந்ததும் பொனட்டைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க வரும்போதே சூடா இருந்துச்சா?" ஆமாம், இருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் புகையும் சத்தமும் தெரியுமாம். ஆயில் மூடியைக் கழற்றினார். உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், எஞ்சினைக் கழற்ற வேண்டி வரலாம் என்றார். பிறகு ஹந்தானை ஏற்றத்தில் விட்டார். எஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. கிளச் தேய்ந்துவிட்டது.

அப்பா கவரைப் பேசாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். முப்பது வருட உழைப்பு அந்தக் கவருக்குள் இருந்தது.

நீங்கள் பார்க்கப் போகும்போது இதையெல்லாம் மறக்காதீங்க. காலையில் சொல்லாமல் போங்க. ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி எடுங்க. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து பெடல் ரப்பர் தேய்ந்திருந்தால், பெடலை நம்புங்க. கண்டி மழைக்குக் கார்ப்பெட்டின் கீழே துரு பிடிக்கும், தூக்கிப் பாருங்க. எஞ்சின், செசி நம்பர்களைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்க. அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கிய பிறகே முழுக் காசையும் கொடுங்க. 'ஓப்பன் பேப்பர்' வேண்டாம், உங்கள் பெயருக்கே மாற்றுங்க.

நாங்கள் கடைசியில் வாங்கியது பெயின்ட் மங்கிய ஓர் ஆல்டோ. சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தது. நாலு பேரோடு ஹந்தானை ஏறியது.

இப்போதும் கலஹா ஏற்றம் வந்தால் அப்பா ஏசியை நிறுத்திவிடுவார். "பாவம், மூச்சு வாங்குது" என்பார். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே வீட்டுக்கு வருகிறார்.