பிறர் நட்ட மரம்

இல்லாமையினால் வரும் துன்பத்தைப் பற்றி நம்மவர் எழுதியவை பல. மிகுதியினால் வரும் துன்பத்தை எழுதியோர் சிலரே. கறிக்கு மாங்காய் இல்லாத வீட்டின் குறையை அயலவர் ஒருவர் தீர்த்துவிடலாம். பத்தே நாட்களில் முந்நூறு காய்களை உதிர்க்கும் மரத்தை உடைய வீட்டின் தொல்லையைத் தீர்ப்பவர் யார்? காய்க்கும் மரமொன்றை வளவில் வைத்திருப்போர் அனைவரும் ஆண்டுக்கொரு முறை இவ்வினாவுக்கு விடை காண வேண்டியவராகின்றனர். அவ்விடையிலே அவர்தம் பண்பும் ஓரளவு புலப்பட்டுவிடுகின்றது.

இலண்டனின் வடமேற்குப் புறநகர் ஒன்றில் வாழும் முதியவர் ஒருவரின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, சில ஆண்டுகளின் பின் இங்கிலாந்தை அடைந்தவர் அவர். மகன் வாங்கிய வீட்டின் பின்வளவிற் பழைய அப்பிள் மரமொன்று நின்றது. பல்லாண்டுகளாக எவரும் அதனைக் கவனித்திலர். கொப்புகள் ஒன்றின்மேல் ஒன்றேறிப் பின்னிக் கிடந்தன. உச்சி கூரையை விஞ்சியிருந்தது. உட்புறத்தில் வெயில் விழ வழியில்லை. புரட்டாதியிற் காய்கள் உயரத்திலிருந்து விழுந்து சிதைந்தன. அழுகியவற்றைக் குளவிகள் மொய்த்தன. பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு புற்றரையில் இறங்க அஞ்சினர். கடித்துப் பார்த்தவர் யாவரும் முகஞ் சுளித்தனர், அத்துணைப் புளிப்பு! மரத்தைத் தறித்து அவ்விடத்திற் குசினியை நீட்டிக் கட்டலாம் என்பது மகனின் எண்ணம். அதனை முறையற்றதென்று கூறுவதற்கில்லை. “மூண்டு வருசம் பொறு தம்பி. அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் தறிப்பம்” என்று தவணை கேட்டார் தந்தையார்.

மூன்று ஆண்டு என்பது வாய்க்கு வந்த கணக்கன்று. கவனிப்பாரற்று வளர்ந்த அப்பிள் மரத்தை ஒரே முறையிற் கவ்வாத்துச் செய்து முடிக்கலாகாது. ஒரே குளிர்காலத்தில் மிகுதியாக வெட்டினால், மரம் சேர்த்து வைத்த வலு முழுவதும் அடுத்த கோடையில் நேர்மேலாக எழும் தளிர்க் கம்புகளாகவே வெளிப்படும்; அவை உயருமேயன்றிக் காய்க்கா. ஆதலின், இலையுதிர்ந்து மரம் உறங்கும் கார்த்திகை முதல் மாசி வரையான காலத்தில், ஆண்டொன்றுக்குக் காற்பங்குக்கு மேற்படாமல் வெட்டுதலே முறை. முதலிற் பட்ட கொப்புகள், அடுத்து நோயுற்றவை, அதன்பின் ஒன்றையொன்று உராய்பவை என்ற வரிசையில் அவற்றை நீக்கல் வேண்டும். கொப்பு தொடங்குமிடத்திலுள்ள தடித்த வளையத்தை விட்டு வெட்டினால், மரம் தானே அக்காயத்தை மூடிக்கொள்ளும். நடுப்பகுதி கிண்ணம் போலத் திறக்கும்போது ஒளியும் காற்றும் உட்புகும். ஏணியில் ஏறி வாள் பிடித்தவர் மகன்; எந்தக் கொப்பு என்று கீழே நின்று கைகாட்டியவர் தந்தை. பல நாட்களாக அதிகம் பேசிக்கொள்ளாத இருவரும் அக்குளிரிலே மணிக்கணக்கிற் பேசினர். பேச்செல்லாம் கொப்புகளைப் பற்றியதே.

ஆனி மாதத்தில் மரம் தன் பிஞ்சுகளிற் பலவற்றைத் தானே உதிர்த்துவிடும். எஞ்சியவற்றையும் கொத்துக்கு ஒன்றாகக் குறைத்தாற் காய் பெருக்கும். ஓராண்டு அளவுகடந்து காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும் இயல்பும் ஒருவாறு தணியும். பிஞ்சைக் கிள்ளுவதற்கு முதியவருக்கு மனம் வரவில்லை. அவர் மனைவியாரே அதனைச் செய்தார்.

புளிப்பின் காரணத்தை விளக்கியவர் அடுத்த வீட்டு ஆங்கில மூதாட்டியார். மரம் ‘பிறாம்லி’ என்னும் இனம். பச்சையாக உண்பதற்கன்றிச் சமைப்பதற்கே உரியது. இதனைக் கேட்ட மனைவியார், “அப்ப இது மாங்காய்தானே!” என்றார். அன்றிலிருந்து அக்காய் அவ்வீட்டுக் குசினியிற் குடிபுகுந்தது. வெந்தவுடன் கரைந்து கூழாவது அதன் தன்மையாதலின், பருப்பு நன்கு அவிந்த பின்னரே துண்டுகளை இட்டார். செத்தல் மிளகாய், கடுகு, வெந்தயம், வினாகிரி, சீனி சேர்த்துக் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்தார். காயம்படாதவற்றை ஒவ்வொன்றாகக் கடுதாசியிற் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமற் குளிர்ந்த இருட்டறையில் அடுக்கினால் அவை மாசி வரை கெடாதிருக்கும். அடிபட்ட ஒன்றை அவற்றிடையே வைத்துவிட்டாலோ அழுகல் அயலுக்கும் பரவும்.

இத்தனைக்குப் பின்னும் காய் எஞ்சியது. எஞ்சியவற்றைப் பெட்டிகளில் இட்டு, வேண்டியோர் எடுத்துச் செல்லலாம் என்றெழுதிப் படலையடியில் வைத்தார் முதியவர். அந்நாட்டில் அது பழகிய வழக்கமே. மாலையிற் பெட்டிகள் வெறுமையாயின. சில நாட்களின் பின் ஒரு வெறும் பெட்டியினுள் பழப்பாகுப் போத்தல் ஒன்று இருந்தது. வைத்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. அத்தெருவிற் பல ஆண்டுகள் வாழ்ந்தும் தலையசைப்புக்கு மேற் செல்லாத அயலுறவு, பெட்டி ஒன்றினாற் சொல்லாடும் உறவாயிற்று.

பிறாம்லி மரத்தின் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. நொட்டிங்காம்சயரிலுள்ள சவுத்வெல் என்னும் ஊரிலே, 1809 இல் மேரி ஆன் பிறெயில்ஸ்போட் என்னும் சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்தது மூலமரம். 1846 இல் அவ்வீட்டை வாங்கியவர் மத்தியூ பிறாம்லி என்னும் இறைச்சி வணிகர். 1856 இல் ஹென்றி மெரிவெதர் என்னும் நாற்றுமேடைக்காரர் ஒட்டுக் கம்பு கேட்டபோது, தம் பெயரை இடுவதானால் தருவதாக அவர் இசைந்தார். நட்டவரின் பெயர் மறைய, வீட்டை வாங்கியவரின் பெயர் நிலைத்தது. அப்பிள் விதை தாயை ஒத்த மரத்தைத் தருவதில்லை. ஆதலின் பிறாம்லி மரங்கள் யாவும் ஒட்டுமுறையால் அவ்வொரு மரத்தின் வழிவந்தவையே. மூலமரம் 1900 இற் புயலிலே சாய்ந்தது. சாய்ந்த பின்னும் மீளத் தளிர்த்தெழுந்தது.

முதியவர் பிறந்த வளவும் ஒரு மரத்தை உடையது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டமையால், கால் நூற்றாண்டாக அவ்வளவினுள் அவரால் நுழைய இயலவில்லை. போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட, அவரது காணியும் மீண்டது. சென்று பார்த்தார். வீட்டின் அத்திவாரமே எஞ்சியிருந்தது. தகப்பனார் வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் பற்றைகளின் நடுவே, கொப்புகள் நிலந்தொடக் காய்த்து நின்றது. அத்தனை ஆண்டுகளும் அதன் பழங்களை உண்டவர் யார் என்று வினவ ஒருவருமிலர். அயலில் மீளக்குடியேறிய குடும்பத்தாரிடம், “காய்க்கிறதை நீங்களே எடுங்கோ, கொப்புகளை மட்டும் ஒருக்கா வெட்டிவிடுங்கோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். விற்குமாறு கூறியவர்களுக்கு அவர் மறுமொழி கூறவில்லை.

இலண்டனில் மூன்றாம் குளிர்காலமும் கழிந்துவிட்டது. தவணையைப் பற்றி மகன் பேசவில்லை; தந்தையும் நினைவூட்டவில்லை. மாசியில் வாளைத் தீட்டி எடுத்துவைத்தவர் மகனே.

ஒருவர் நடுகின்றார், வேறொருவர் பெயரிடுகின்றார், மூன்றாமவர் உண்கின்றார். இவர்களுள் உரிமை யாருக்கு என்னும் வழக்கை மரம் அறியாது. உறுதியும் வேலியும் மனிதர் வகுத்தவை. அவற்றை மனிதரே மாற்றுவதும் உண்டு. வேண்டியபோது வெட்டவும், மிஞ்சியதைப் பகிரவும் அருகில் ஒருவர் இருக்கின்றாரா என்பது ஒன்றே மரத்துக்குப் பொருட்டு. அவ்வொருவராக இருத்தற்கு, அதனை நட்டவராக இருக்க வேண்டியதில்லை.