ஒரே அடியில் தெரிந்துவிடும்

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில் அந்த மிருதங்கப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. மார்கழியில் அதற்குத் தேவையும் இல்லை. உறை போட்ட மிருதங்கங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிலேயே நாலைந்து பேர் வாசலில் நிற்கிறார்கள். பொங்கல் கழிந்தால்தான் மூச்சு விட முடியும் என்கிறார் பட்டறைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கவிழ்த்து வைத்த பலாக் கட்டை ஒன்றைக் காட்டி, "உக்காருங்க சார், வேலை பார்த்துக்கிட்டே பேசறேன்" என்றார்.

உள்ளே ஈரத் தோலின் வாடை தூக்கலாக இருக்கிறது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஊறிக்கொண்டிருக்கின்றன. வார் இழுக்க எருமைத் தோல். சுவரோரம் குடைந்து முடித்த கட்டைகள், பண்ருட்டிப் பக்கத்து மரம். ஒரு மூலையில், வாருக்குப் பதில் போல்ட் நட்டு வைத்து முடுக்கும் புது மாதிரி மிருதங்கங்கள் இரண்டு. விமானத்தில் போகிறவர்களுக்கு வசதி என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை.

நான் பார்க்க வந்தது கரணை போடும் வேலையை. மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாகத் தெரிகிறதே, அதுதான். இரும்புச் சத்துள்ள கல்லை மாவாகப் பொடித்துச் சலித்து, மசித்த சோற்றோடு பிசைந்து வைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துத் தோலின் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் பரப்புகிறார். பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்கிறார். ஈரம் இழுத்ததும் மறுபடி ஒரு கிள்ளு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சற்றே சின்ன வட்டம். அதனால் ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் வருகிறது. முதலில் 'சொர சொர' என்றிருந்த கல்லின் ஓசை, பூச்சு ஏற ஏறக் கணீரென்று மாறுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். நடுநடுவே விரலால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. காய்ந்த கரணை முழுக்க மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருக்கும். அவை இருந்தால்தான் அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு தோல் அசையும்.

இந்தக் கறுப்பு வட்டம் என்ன செய்கிறது என்பதை 1920-ல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். சாதாரண முரசுத் தோலில் கிளம்பும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அதனால் சத்தம் வரும், சுருதி நிற்காது. நடுவில் கனம் ஏற்றிய தோலிலோ அவை ஆதார ஒலியின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக வரிசையில் வந்து நிற்கும். பாட்டுக்காரரின் தம்பூராவோடு மிருதங்கம் சேர்வது இதனால்தான். இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "அதெல்லாம் சரி சார். தோல் சரியா அமையலேன்னா ராமனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போது இளைஞர் ஒருவர் தன் மிருதங்கத்தை வாங்க வந்தார். கச்சேரி அன்று மாலை. வாங்கியவுடன் ஒரு முழுக் கோர்வையைப் பொரிந்து தள்ளினார். விரல்கள் கண்ணில் படாத வேகம். பட்டறைக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "தம்பி, ஒரு தீம் மட்டும் போடுங்க" என்றார். போட்டார். கல்லையும் கட்டையையும் எடுத்து, பின்னலில் ஒரு பக்கம் மேலே தட்டினார், எதிர்ப்பக்கம் கீழே தட்டினார். "இப்ப?" மறுபடி ஒரு தீம். இந்த முறை ஒலி கிளம்பி, அந்தச் சின்ன அறையைச் சுற்றி வந்து, தானாக அடங்கியது. பிறகு பட்டறைக்காரரே ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். அதே தோல், அதே இடம், வேறு ஒலி. அவர் கச்சேரி வாசிக்கிறவர் இல்லை. ஆனால் அடித்த விரலை எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மிருதங்க வித்வான்களில் யார் பெரியவர் என்ற சண்டையில் எனக்கு உள்ள கட்சி இதுதான். தாளக் கணக்கைக் கற்றுக்கொடுக்கலாம், காகிதத்தில் எழுதிக்கூட வைக்கலாம். ஒரு அடியைக் கேட்டதும் வாசித்தது இன்னார் என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. பாலக்காடு மணி ஐயரை (1912-1981) அப்படிச் சொல்லலாம். மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்று ஒரு காலத்தில் முரண்டு பிடித்தவர் அவர். பிடிவாதம் என்று சிரித்தார்கள். தன் அடி எப்படிக் கேட்க வேண்டும் என்பதில் அவருக்கிருந்த கவலை என்றே எனக்குப் படுகிறது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்ற அவருடைய இன்னொரு பிடிவாதத்துக்கு அப்படி எந்த நியாயமும் கிடையாது. பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அதை முன்பே செய்திருக்கலாம். 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றபோது, அதைப் பெற்ற முதல் மிருதங்கக்காரர் அவர்தான். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தவர் பர்லாந்து. தஞ்சாவூர் செபாஸ்டியன் வம்சம். கிறிஸ்தவர்கள், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். 2020-ல் இவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ஆங்கிலப் புத்தகம் வந்த பிறகுதான் சபாக்காரர்களில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

என் ஓட்டு பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு (1908-1962). கணக்குக்குப் பேர்போன புதுக்கோட்டை வழி. மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் தேறியவர். ஆனால் பதிவுகளில் என்னைப் பிடித்து நிறுத்துவது அவர் கணக்கு இல்லை, மிருதங்கத்தின் மறுமுகமான தொப்பியிலிருந்து கனத்து எழும் கும்காரம். பழனி இடக்கைக்காரர். மற்றவர்கள் இடது கையால் அழுத்தி இழுக்கும் தொப்பி அவருக்கு வலது கையில் இருந்தது. இந்த இடக்கையால் மேடையில் அவருக்குத் தொல்லையும் உண்டு. வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்றால் அவர் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய், டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தார். பழனியின் வாசிப்பு அங்கே பாடமானது.

மாலையில் அந்த இளைஞரின் கச்சேரிக்கே போனேன். சின்ன சபா, பிளாஸ்டிக் நாற்காலி. பாடியவரும் இளையவர். திரை விலகும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியில் அப்புகிறார் மிருதங்கக்காரர். தட்டிப் பார்த்து, நகத்தால் துளி சுரண்டி எறிகிறார். வர்ணத்தில் கை பரபரவென்று ஓடியது. பாடகிக்கு முன்னால் ஓடி நின்று திரும்பிப் பார்ப்பது போல் இருந்தது. இரண்டாவது உருப்படி ரூபக தாளத்தில் ஒரு கீர்த்தனை. அதன் அனுபல்லவியில் பாடகி மேல் ஷட்ஜத்தில் நின்றார். இவர் வலந்தலையை விட்டுவிட்டார். தொப்பியில் மட்டும் ஒரு கும்காரம், பாட்டின் அருதி விழும் இடத்தில் சன்னமாக ஒரு நம். அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிப் பெரியவர் தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு "பேஷ்" என்றார். அதன் பிறகு கீர்த்தனை முழுக்க வெறும் சர்வலகு, நேரான தாள ஓட்டம். ஒரு இடத்தில்கூடக் கணக்குக் காட்டவில்லை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்தது. இதைப் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது, போண்டா ஜெயித்துவிட்டது. தனியில் காலையில் கேட்ட அதே கோர்வை வந்தது. மூன்று முறை வாசித்து எடுப்பில் சரியாக இறங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. அதைவிட மூன்றாம் முறையின் கடைசித் தீர்மானத்துக்கு முன்னால் அவர் விட்ட இடைவெளி எனக்குப் பிடித்தது. அதில் ஒரு தீம் முழுசாக ஒலித்து முடிந்தது.

கச்சேரி முடிந்து கேன்டீனில் அந்தப் பெரியவரிடம் பழனி பேச்சை எடுத்தேன்.

"பதிவுல கேட்டுட்டுப் பேசறீங்க" என்றார். "நான் மணி ஐயரை நேர்ல கேட்டவன்."

"பழனியை?"

"அப்ப எனக்குப் பத்து வயசு. அப்பா கூட்டிண்டு போனார். தூங்கிட்டேன்."

அவர் மணி ஐயரை விடுவதாக இல்லை, நானும் பழனியை விடுவதாக இல்லை. இரண்டாவது காபிக்கு அவரே காசு கொடுத்தார்.