மட்டாஞ்சேரிக்கு வந்த மலைச்செடி

சென்ற ஐப்பசியில் குன்னூர் சென்று மீண்ட நாங்கள், பூத்த மாசிபத்திரிக் கொத்தொன்றை மட்டாஞ்சேரி இல்லத்தில் தொங்கவிட்டோம். பூச்சி அண்டாதென்பது அன்னையின் நம்பிக்கை. பிறந்த மலையின் மணம் வேண்டுமென்பது எங்கள் ஆசை.

இவ்வினச் செடி கொச்சிக்குப் புதியதன்று. இங்கிருந்த டச்சுத் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் வைத்தியர் முதலியோர் துணையுடன் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் 'காட்டுச் செட்டிப்பூ' என இடம்பெற்றது.

அன்றிரவே எங்கள் சிறுவன் தும்மித் தும்மி மூச்சிரைத்தான். மருத்துவர் கொத்தைச் சுட்டினார். இதன் பூ வண்டை நாடாமல் காற்றையே நம்புவது. ஆதலின் நுண்மகரந்தத்தை மிகுதியாகச் சொரியும். ஒவ்வாதோர்க்கு அதுவே தும்மலும் இரைப்புமாகும்.

கொத்தை அகற்றினோம், சிறுவன் தேறினான். அன்பர்களே, ஊர் நினைவைக் கொணருங்கள். பூத்த கொத்தை மலையிலேயே விட்டு வாருங்கள்.