கறிதோசை

மதுரை என்றதும் எல்லோரும் மல்லிகையைச் சொல்வார்கள். அது 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. கறிதோசைக்குச் சான்றிதழ் எதற்கு? கல்லில் எழும் வாசனையே தெருமுனையில் நம்மைப் பிடித்துக்கொள்ளும்!

தொலைக்காட்சியில்தான் அதை முதன்முதலில் கண்டேன். ஊத்தப்பம்போல் கனமாக மாவை வார்த்து, மேலே முட்டையை ஊற்றிப் பரப்பி, வெந்த ஆட்டுக்கறியை மசாலாவோடு அள்ளிப் போட்டு, எண்ணெய் விட்டுத் திருப்பினார் மாஸ்டர். முட்டையின் புரதம் சூட்டில் உறைந்து கறியை மாவோடு பிடித்துக்கொள்ளும் விந்தை, வேதியியல் மாணவனான எனக்குப் பாடநூலைவிட நன்றாகவே விளங்கியது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி தீபாவளிக்கும் முளைப்பாரித் திருவிழாவுக்கும்தான்.

2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1000 ரூபாய் என் கணக்கில் ஏறிய அன்று, மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவை அழைத்துச் சென்றேன். பதினெட்டு ஆண்டுகளாக இவ்வூரில் சுமை தூக்குகிறவர். அப்படியொரு கடைக்குள் நுழைந்ததில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடியே உட்கார்ந்தார்.

தோசை வந்தது. பாதி இலையை அடைத்துக்கொண்டது.

"எவ்வளவுய்யா?"

"சாப்பிடுங்கப்பா, சொல்றேன்."

விலைப்பட்டியல் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. அப்பாவுக்கு எழுத்துத்தான் தெரியாது. எண்கள் நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டைப் பிட்டுச் சால்னாவில் தோய்த்து, நெடுநேரம் மென்றார். கறி பஞ்சாக வெந்திருந்தது. மிளகுக் காரம் என் மூக்கில் ஏறியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றவர், பரிமாறுகிறவரை அழைத்தார். "தம்பி, மிச்சத்தைக் கட்டிக் குடுங்க. வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க."

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த லாரி வந்திருக்கும் என்று சந்தைப் பக்கம் நடந்தார்.