மார்க்கா, மேட்ச்சா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண். அவள் முதுகில் தொங்கிய பையிலிருந்து ஒரு பேட்டின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், டீச்சர் அனுப்பினாங்க. 'கடலூர்ல எங்க மாமா இருக்கார், அவர்கிட்ட போய்க் கேளுங்க. அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நானும் கட்டுப்படறேன்'னு சொன்னாங்க."

டீச்சர் என்றால் என் அக்கா மகள். சிதம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பையன்கள் பாஷையில் சொன்னால், பி.டி. டீச்சர். ஒரு அப்பாவையும் மகளையும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் அனுப்பும் அளவுக்கு என்னிடம் அப்படி என்ன ஞானம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

விஷயம் இதுதான். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். சாஃப்ட்பாலில் தமிழ்நாடு பள்ளி அணிக்குத் தேர்வாகி இருக்கிறாள். வெளி மாநிலத்தில் போட்டி. போக வர ரயில் பயணத்தோடு சேர்த்துப் பத்து நாள். சரியாக அரையாண்டுத் தேர்வு சமயம். அப்பா வேண்டாம் என்கிறார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார்... மார்க் முக்கியமா, மேட்ச் முக்கியமா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால், இதே கேள்விக்கு 2003-ல் நான் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்.

சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பந்தில் 'சாஃப்ட்' எதுவும் கிடையாது. சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிசு, எடையும் கூட. 1887-ல் சிகாகோவில் குத்துச்சண்டை கிளவுஸைச் சுருட்டிக் கட்டி, துடைப்பக்கட்டையால் அடித்து ஆரம்பித்த ஆட்டம். அப்போது வேண்டுமானால் பெயர் பொருத்தமாக இருந்திருக்கும். 43 அடி தூரத்திலிருந்து, கையை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து எறிவார்கள். அடிக்கிறவருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

என் அக்கா மகள் அப்படி எறிகிறவள். பிட்ச்சர். எட்டாம் வகுப்பில் ஒரு பி.டி. மாஸ்டர் அவள் கையைப் பார்த்துவிட்டு, கபடிக் கூட்டத்திலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் மொத்தம் நாலு கிளவுஸ். ஒன்பது பேர் மாறி மாறிப் போட்டுக்கொள்வார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தரவே மாட்டார். எனவே பிராக்டீஸ் காலை ஆறு மணிக்கு. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிக்கொண்டே போனாள்.

பிளஸ் டூ வந்தது. அவளும் தேசியப் போட்டிக்குத் தேர்வானாள்.

அக்கா வீட்டுக்காரர் அப்போது துபாயில். குடும்பத்தில் முதல் டிகிரி நான் வாங்கியது. அதனால் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் நான்தான்! பி.டி. மாஸ்டர் சைக்கிளில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து கெஞ்சினார்.

"சார், ஒரே ஒரு நேஷனல். அந்த ஃபாரத்துல கையெழுத்தும் சீலும் விழுந்துட்டா, இன்ஜினீயரிங் கவுன்சலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல நிக்கலாம்."

நான் சொன்ன பதில் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "விளையாட்டு சோறு போடுமா சார்?"

அவர் எழுந்து போய்விட்டார். காபியைக் குடிக்கவில்லை.

அப்போது பிளஸ் டூ மார்க்கோடு நுழைவுத்தேர்வும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப். (2007-ல்தான் அந்த நுழைவுத்தேர்வு ஒழிந்தது.) அரை மார்க்கில் ஐநூறு பேர் நிற்பார்கள். எனவே, 'ஒரு நாள்கூட வீணாகக் கூடாது' என்பது என் சட்டம். அவள் போகவில்லை. உட்கார்ந்து அரையாண்டுத் தேர்வு எழுதினாள்.

2004-ல் சென்னையில் கவுன்சலிங். பொதுப் பிரிவில் அவள் கட்-ஆஃபுக்கு நல்ல கல்லூரி எட்டவில்லை. விளையாட்டுப் பிரிவில் அன்றைக்கு மொத்தம் 100 இடம். அங்கே தேசியச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் எல்லாம் முன்னால் போனார்கள். மாநிலச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு இவள் பின்னால் நின்றாள். இவளுடைய முறை வருவதற்குள் அவள் கேட்டது எதுவும் மிச்சமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் வரை பேசவே இல்லை. பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா, அந்த அரையாண்டுல கணக்குல நான் எவ்வளவு தெரியுமா? 134. அந்த மார்க்கை இதுவரைக்கும் யாருமே கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சும்மா ஒரு தகவல் போலச் சொன்னாள்.

அப்புறம் கடலூரிலேயே பி.எஸ்சி. கணக்கு படித்தாள். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி. அண்ணாமலை நகர் மைதானத்தில் சாயங்காலம் அவள் ஓடுவதைப் பார்க்க ஒரு தடவை போயிருந்தேன். புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று பஸ் போகிற வழியெல்லாம் அந்த 134 கூடவே வந்தது. இன்று அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வேலை, வீடு, குழந்தை எல்லாம் உண்டு. ஆனால், 'நன்றாக இருக்கிறாள்' என்பது, நான் செய்தது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

நியூஜெர்ஸியில் இருக்கும் என் நண்பரின் மகளும் சாஃப்ட்பால் ஆடினாள். அங்கே கதையே வேறு. 1972-ல் வந்த ஒரு சட்டம், பெண்களுக்கும் சமமாக விளையாட்டு வாய்ப்புத் தரச் சொல்லிக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. சாஃப்ட்பால் அதில் கிடுகிடுவென வளர்ந்தது. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மாதிரி எட்டுக் கல்லூரிகள் 1954-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, விளையாட்டுக்கென்று தனி ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால், கோச் 'இந்தப் பெண் எனக்கு வேண்டும்' என்று அட்மிஷன் ஆபீஸில் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். அதற்காகப் பெண்ணைப் படிப்பில் கோட்டை விடச் சொல்ல மாட்டார்கள். படிப்பில் ஒரு அளவுக்குக் கீழே போனால் கோச்சாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கோளாறும் அங்கே உண்டு. படகு ஓட்டத் தெரியாத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டி, வேறு யாரோ விளையாடும் படத்தில் முகத்தை ஒட்டி, பெரிய கல்லூரிகளில் சீட் வாங்கிய பெற்றோர்கள் 2019-ல் மாட்டினார்கள். கோட்டா இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும். கடலூர், கலிஃபோர்னியா வித்தியாசம் இல்லை!

நம் ஊரிலும் நிலவரம் மாறியிருக்கிறது. இன்ஜினீயரிங்கில் அந்த 100 இடம் பின்னாளில் 500 ஆனது. எம்.பி.பி.எஸ்-ஸில் 3 இடம், 7 ஆனது. சென்னை ஐ.ஐ.டி. 2024-ல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதலாக 2 இடம் ஒதுக்கியது. அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். ஆனால், அதற்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு 'நீட்' தேற வேண்டும். அதாவது, மார்க்கா மேட்ச்சா என்று நாம் பிள்ளைகளிடம் கேட்கிறோம். கல்லூரிக்காரர்கள் இரண்டையும் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த அப்பாவிடம் சொன்னேன். ஆசை காட்டவில்லை. "ஐ.ஐ.டி. வெளியிட்ட முதல் பட்டியல்ல கிரிக்கெட், செஸ், வாலிபால் இருந்துச்சு. சாஃப்ட்பால் இல்ல. அதனால எந்தப் படிப்புக்குப் போட்டாலும், அந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டுல உங்க ஆட்டம் இருக்கான்னு முதல்ல பாருங்க. சான்றிதழ்ல கையெழுத்து, சீல், தேதி எல்லாத்தையும் அங்கேயே சரிபார்த்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. வந்தப்புறம் அலையறது கஷ்டம். இவ்வளவும் செஞ்சாலும் சீட் கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"அப்ப எதுக்கு சார் அனுப்பணும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

134 கதையைச் சொன்னேன். முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் சொல்கிறேன். பி.டி. மாஸ்டர் குடிக்காமல் போன காபி உட்பட.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "கெமிஸ்ட்ரி புக்கை எடுத்துக்கிட்டுப் போவியா?" என்றார். அவள் தலையாட்டிய வேகத்தில் பையிலிருந்த பேட் ஆடியது.

அவர்கள் போனதும் அக்கா மகளுக்குப் போன் போட்டேன்.

"என்ன மாமா, தீர்ப்பு?"

"போகச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இருபது வருஷம் லேட்டு மாமா" என்றாள். சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. "வியாழக்கிழமை ராத்திரி சிதம்பரத்துலேர்ந்து ரயில். பிள்ளைகளை ஏத்திவிட ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?"

போனேன். பிளாட்பாரத்தில் ஒரு ஃபிளாஸ்க் காபியோடு நின்றேன். அக்கா மகள் ஒரு டம்ளர் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.