மகளின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்



உடையார்கட்டில் என்னிடம் படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாய் கேட்டார்: "மௌலவி, வெளிநாட்டில் மாணவர் சுற்றாடல் மாநாடாம். மகளை அனுப்பலாமா?"

நான் வினிஷா உமாசங்கரைப் பற்றிச் சொன்னேன். அப்போது திருவண்ணாமலைப் பள்ளி மாணவியாக இருந்தார். தன் தெருவில் துணி தேய்ப்பவர் கரி மூட்டுவதையும், எரிந்த கரியைக் கொட்டுவதையும் கவனித்தார். வண்டிக் கூரையில் சூரியத் தகடு வைத்து, அந்த மின்சாரத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாகும்படி ஒரு வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

மாநாடு அவருக்குக் கண் கொடுக்கவில்லை. தெருவில் கண்டதைத்தான் அவர் அங்கே கொண்டு போனார்.

உங்கள் மகளும் காண்கிறாள். குளக்கரையில் சொப்பிங் பைகளை ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டவள் அவள்தானே? "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கதை?" என்று வாயடைத்தது யார்?

தக்க துணையோடு தாராளமாக அனுப்புங்கள். ஆனால், வீட்டில் வாய் திறக்க விடாத பிள்ளை மேடையில் எதைப் பேசும்?

சகோதரிகளே! நீரும் நிலமும் நம்மிடம் உள்ள அமானிதம். இன்றிரவு சோறு பரிமாறும்போது, "இன்று வழியில் என்ன கண்டாய் மகள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருங்கள்.